ஒரு கட்டி பாக்கி

மறுஆட்டம் அதிகாலை ஒன்று முப்பத்தைந்துக்கு.
திருக்கடலூர் ஐஸ் பெக்டரியில்
கொம்பிரசர் இரைச்சலுக்கு மேலால்
ரீவியைக் கூட்டிவிட்டு
மரியநேசனுக்காகக் காத்திருக்கிறேன்.
வருவான்.
ஐஸ் தேவையில்லாவிட்டாலும்
என்னை அவமானப்படுத்த வருவான்.

போன கிழமை இரண்டுக்குப் பூச்சியம்.
எங்கள் கீப்பர் இல்லையென்றால் ஐந்து.
இதை அவனிடம் சொல்லவில்லை.

வந்ததும் கையை விரித்தான்.
"அஞ்சு கிண்ணமடா!
ரோமில ரெண்டு, லண்டனில ஒண்டு, பாரிசில ஒண்டு..."
இஸ்தான்புல் வந்தால் எழுந்து நிற்பான்.
முதல் பாதியில் வாங்கிய மூன்று கோலையும்
ஆறு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்தது
தன் படகில் நடந்ததுபோல் சொல்வான்.

சுண்டுவிரலில் பாதி இல்லை அவனுக்கு.
அது போன கதையை
இந்தக் கரையில் யாரும் உரத்துக் கேட்பதில்லை.
"நாலரைதான் தெரியுது" என்றேன்.
என் மூன்றை முழுதாய்க் காட்டினேன்:
அறுபத்தெட்டு;
மொஸ்கோ மழை;
நடுவில் பார்சிலோனா, தொண்ணூறு நிமிடமும் முடிந்தபின்
இரண்டு கோல்.

ஏன் இந்தப் பகை என்று இர்ஷாத் கேட்டான்.
ஐஸ் உடைக்கப் பழகும் பெடியன்,
போனில் பார்த்து லிவர்பூல்காரன் ஆனவன்.
துறைமுகக் கூலி கொடுக்க மனமில்லாமல்
மன்செஸ்டர்காரர் கடல்வரை கால்வாய் வெட்டினார்கள் என்றேன்.
அதனால்தான் கடலில்லாத ஊரின் சின்னத்தில் கப்பல்.
"எங்கட சின்னத்தில நீர்க்காகம்" என்றான் மரியநேசன்,
வலையில் மீன் திருடும் அதே பறவையை
அன்றைக்கு மட்டும் மன்னித்தபடி.
எங்கள் துறைமுகத்தைத் தவிர்க்க
ஒருவரும் கால்வாய் வெட்டவில்லை.
சும்மாவே தவிர்த்தார்கள்.

அறுபது வருசம்
இரண்டு பேரும் ஐரோப்பா முழுக்க அலைந்தும்
அங்கே ஒருவரையொருவர் சந்திக்கவில்லை.
முதல்முதலாய் முட்டிக்கொண்டது
இந்தச் சின்னக் கிண்ணத்தில்,
வியாழக்கிழமைக் கிண்ணத்தில்.
ஒரே கரையின் இரண்டு சம்மாட்டிகள்
கொழும்புச் சந்தையில்
கூறுமீன் விலை கேட்கும்போது கண்டுகொண்டதுபோல.

முப்பத்திரண்டாம் நிமிடம் எங்களுக்குப் பெனால்ட்டி.
பதின்மூன்று நிமிடம் நான் மனிதனாய் இருந்தேன்.
பிறகு அந்தச் சின்னன் பிரேசில்காரன்
கோட்டோரமாய் நுழைந்து
கீப்பருக்கும் கம்பத்துக்கும் இடையில்
தீப்பெட்டி அளவு வெளிக்குள்
பந்தைத் தூக்கி வைத்தான்.

இர்ஷாத் துள்ளினான்.
என்னைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி
விமானம் போல் சாய்ந்தான்.

மரியநேசன் எழும்பிப் போய்
ரீவியை நிப்பாட்டினான்.
"ஆர் காட்டித் தந்தது?"
"போனில..."
"மியூனிக்கில, பனிக்குள்ள, இருபத்து மூண்டு பேரடா.
பாதிக்குமேல உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பெடியள்."

பிரசெல்சில் மதில் சரிந்தபோது செத்த
முப்பத்தொன்பது பேரை
நான் நாக்கு நுனியில் வைத்திருந்தேன்.
இன்றைக்கல்ல, வருசக்கணக்காய்.
துப்பவில்லை.
விழுங்கவும் முடியவில்லை.
வெளிச்சுவரில் அந்த மார்கழித் தண்ணீர் ஏறிய கோடு
இரண்டுமுறை வெள்ளையடித்தும் தெரியும்.
மூன்று பேரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தோம்.
சிந்திய உப்புநீரை நக்க
வாசலுக்கு ஒரு மான் வந்து போனது.

இரண்டாம் பாதியில் பதினொரு நிமிடம் போயிருந்தது
அவனே திரும்பவும் ரீவியைப் போட்டபோது.
பிறகு கோல் இல்லை.
ஒன்றுக்கு ஒன்று. கூட்டினால் மூன்றுக்கு ஒன்று.
பந்தயம் வித்தியாசத்துக்கு:
கோலுக்கு ஒரு கட்டி ஐஸ்.

ஒன்றை மட்டும் ஏற்றினான்.
"மற்றது இருக்கட்டும்.
பேசல் பைனலுக்குப் பிறகு எடுக்கிறன்."

மே மாதம் பேசலில் அவர்கள் தோற்றார்கள்.
அவன் கேட்கவில்லை.
நானும் வெட்டவில்லை.
கொப்பியில் அவன் பெயருக்கு நேரே
அந்த ஒரு கட்டி
இன்னும் உருகாமல் நிற்கிறது.